செல் சிகிச்சைக்கு யார் கணக்கு வைப்பது?

மருந்துக்குக் கட்டுப்படாத லிம்போமாவுக்கான ‘கார் டி-செல்’ சிகிச்சை இன்று இந்தியாவிலேயே கிடைக்கிறது. 2023 அக்டோபரில் ஒரு தயாரிப்புக்கும் 2025 ஜனவரியில் இன்னொன்றுக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. வீட்டை விற்றும், நகையை அடகு வைத்தும், இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கையேந்தியும் குடும்பங்கள் இதற்குப் பணம் கட்டுகின்றன. அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்து நோயின்றி இருக்கிறார்கள்? சில மருத்துவமனைகளின் அனுபவங்கள் மருத்துவ மாநாடுகளில் பேசப்படுகின்றன. எல்லா மருத்துவமனைகளையும் சேர்த்த, மக்கள் எடுத்துப் பார்க்கக்கூடிய கணக்கு பொதுவெளியில் இல்லை.

இது மருத்துவர்களின் உள்விவகாரம் அல்ல. 40 லட்ச ரூபாயைப் புரட்டலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், அதன் கையில் இருக்கவேண்டிய முதல் தகவல் அந்தக் கணக்குதான்.

கடைசி வாய்ப்பு என்பதன் பொருள்

லிம்போமா, நிணநீர் மண்டலத்தில் தோன்றும் ரத்தப் புற்றுநோய். கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும், பெரும்பாலும் வலிக்காது. இரவில் துணி நனைய வியர்க்கும், எடை குறையும், காய்ச்சல் வந்து வந்து போகும். ஹாட்ஜ்கின் அல்லாத வகையில் மட்டும் இந்தியாவில் ஆண்டுக்கு 35,000க்கும் மேற்பட்டோர் புதிதாகப் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. அவற்றுள் அதிகம் காணப்படுவதும் வேகமாக வளர்வதும் ‘பெரிய பி-செல் லிம்போமா’.

வேகமாக வளர்ந்தாலும் இது குணமாகக்கூடிய புற்றுநோய். ரிட்டுக்சிமாப் என்ற மருந்தோடு சேர்த்துத் தரப்படும் கீமோவிலேயே பத்தில் ஆறு பேர் மீண்டுவிடுகிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. இந்தக் கட்டுரை மீதி நான்கு பேரைப் பற்றியது. அவர்களுக்கு நோய் முதல் மருந்திலேயே அடங்காது; அல்லது அடங்கியதுபோல் இருந்து திரும்பி வரும்.

அந்த நான்கு பேரின் நிலை எவ்வளவு மோசம் என்பதை 2017இல் வெளியான ‘ஸ்காலர்-1’ ஆய்வு காட்டியது. மருந்துக்கு அடங்காத 636 நோயாளிகளின் விவரங்களை அது தொகுத்தது. பழைய முறைச் சிகிச்சைகளால் நோய் முழுதாக மறைந்தது 7% பேருக்கு மட்டுமே. ஆறு மாதத்தைச் சற்றுத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் இறந்திருந்தனர்.

கார் டி-செல் சிகிச்சை வந்தது இந்த இடத்தில்தான். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். பி-செல்களின் மேற்பரப்பில் உள்ள ‘சிடி19’ என்ற புரதத்தை அடையாளம் காணும் மரபணுவை ஆய்வகத்தில் அவற்றுக்குள் செலுத்துகிறார்கள். கோடிக்கணக்கில் பெருக்கி, உறைநிலையில் வைத்து, நோயாளிக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். ஏற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அதற்கு முந்தைய வாரங்களும் பிந்தைய மாதங்களும்தான் உயிரைத் தீர்மானிக்கின்றன.

யாரை எண்ணுகிறோம்?

அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற ‘யெஸ்கார்ட்டா’ தயாரிப்பின் மூலச் சோதனையில் 101 பேருக்குச் செல்கள் ஏற்றப்பட்டன. ஐந்தாண்டு முடிவில் 42.6% பேர் உயிரோடு இருந்தார்கள். பாதிப் பேர் ஏழாம் மாத முடிவைக் காணாத நோயில் இது பெரிய மாற்றம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால், மருந்துச் சோதனைகளில் சேர்க்கப்படுபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், இதயம் சரியாக இருக்க வேண்டும், சில வாரங்கள் காத்திருக்க உடலில் தெம்பு வேண்டும். வார்டில் வந்து படுப்பவர்கள் அப்படி இருப்பதில்லை. அதனால், சோதனைக்கு வெளியே என்ன நடந்தது என்று அமெரிக்காவின் 17 மருத்துவமனைகள் சேர்ந்து கணக்கெடுத்து 2020இல் வெளியிட்டன. 298 பேரிடம் செல்கள் எடுக்கப்பட்டன. அவர்களில் 43% பேர் மூலச் சோதனையில் சேரவே தகுதி இல்லாதவர்கள். அப்படியிருந்தும், செல் ஏற்றப்பட்ட 275 பேரில் 82% பேருக்கு நோய் சுருங்கியது. 64% பேருக்கு முழுதாக மறைந்தது. வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் சிகிச்சையை மறுக்கத் தேவையில்லை என்ற துணிவை மருத்துவர்களுக்குத் தந்தது இந்தக் கணக்குதான்.

அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 47% மட்டுமே. முதல் ஸ்கேனில் கட்டி மறைந்ததைப் பார்த்து மகிழ்ந்த பலருக்கு, சில மாதங்களில் அது மீண்டும் வந்துவிட்டது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது 82; குடும்பம் கேட்க வேண்டியது 47.

பிரிட்டன் இன்னும் நேர்மையாக எண்ணியது. அங்கு இந்தச் சிகிச்சைக்குத் தகுதியானவரா என்பதை ஒரு தேசிய மருத்துவர் குழு வாரந்தோறும் கூடி முடிவு செய்கிறது. அதனால், யாருக்குச் செல் ஏற்றப்பட்டது என்பது மட்டுமல்ல, யாருக்கு அனுமதி கிடைத்தும் ஏற்ற முடியாமல் போனது என்பதும் ஏட்டில் பதிகிறது. 2018 டிசம்பர் முதல் 2020 நவம்பர் வரை அக்குழு அனுமதித்தவர்கள் 404 பேர். செல் ஏற்றிக்கொள்ளும்வரை வந்து சேர்ந்தவர்கள் 300 பேர். நான்கில் ஒருவர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார். பெரும்பாலும் நோய் முந்திக்கொண்டது.

இந்த நான்கில் ஒருவரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எந்த மருத்துவமனையின் வெற்றி விகிதமும் அழகாகத் தெரியும். வலுவோடு காத்திருந்தவர்கள் மட்டும் எண்ணப்படுவார்கள், நோயிடம் தோற்றவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். பணம் செலுத்தி, செல்லும் எடுத்துக் கொடுத்து, ஏற்றிக்கொள்ளாமலே இறந்துபோன ஒருவரின் குடும்பத்துக்கு அந்தச் சிகிச்சை தோல்விதான். அந்தத் தோல்வி ஏட்டில் வந்தாக வேண்டும்.

பிரான்ஸின் தேசியப் பதிவேடு வேறொன்றைக் கண்டறிந்தது. சந்தையில் இருந்த இரண்டு தயாரிப்புகளை, ஒரே மாதிரியான நோயாளிகளை இணைசேர்த்து ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ஒரு தயாரிப்பில் 46.6%, மற்றொன்றில் 33.2%. இரண்டும் அனுமதி பெற்றவை. இரண்டும் சிடி19ஐத் தாக்குபவை. மருந்து நிறுவனங்கள் தங்களுக்குள் நேருக்கு நேர் நடத்தாத ஒப்பீட்டை ஒரு நாட்டின் பதிவேடு நடத்திக் காட்டியது.

நம் மருந்து, நம் எண்கள்

இந்தியாவின் முதல் தயாரிப்பான ‘நெக்ஸ்கார்19’, மும்பை ஐஐடியிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவானது. 2021 ஜூனில் நவி மும்பையில் உள்ள டாடா மையத்தில் முதல் நோயாளிக்கு அளிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். இரண்டாவது தயாரிப்பான ‘கார்டெமி’, பெங்களூருவின் இம்யூனீல் நிறுவனத்துடையது. அதன் தொழில்நுட்பம் ஸ்பெயினின் பார்சிலோனாவில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் யெஸ்கார்ட்டாவின் அறிமுக விலையே 3.73 லட்சம் டாலர்; இன்றைய மதிப்பில் 3 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியத் தயாரிப்புகள் 30 முதல் 50 லட்ச ரூபாய்க்குள் கிடைக்கின்றன. நம் விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் செய்திருப்பது உண்மையான சாதனை. வெளிநாட்டுத் தயாரிப்பு ஒன்று இறக்குமதியாகும்வரை காத்திருந்தால், நம் நோயாளிகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே அது கிட்டியிருக்கும்.

நெக்ஸ்கார்19இன் சோதனை முடிவுகள் 2025இல் ‘லான்செட் ஹெமடாலஜி’ இதழில் வெளியாயின. லிம்போமாவும் ‘லுகேமியா’ வகை ரத்தப் புற்றும் உள்ள 64 பேர் பங்கேற்றார்கள். பலனை மதிப்பிட முடிந்தவர்களில் 73% பேருக்கு நோய் அடங்கியது. பத்திரிகைகள் இந்த எண்ணைத் தலைப்பில் போட்டன. அடுத்த வரியில் இருந்தது இது: நோய் மீண்டும் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் லுகேமியாவில் நான்கு மாதம், லிம்போமாவில் ஆறு மாதம். அதாவது, பாதிப் பேருக்கு அதற்குள்ளாகவே நோய் திரும்பியது. 12% பேருக்கு எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப் போய் உடலின் ரத்த அணுக்களையே அழிக்கும் ‘எச்எல்எச்’ என்ற ஆபத்தான நிலை வந்தது. சிகிச்சையால் மரணமும் நேர்ந்தது.

இதை வைத்து இந்திய மருந்து தரம் குறைந்தது என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது அநீதி. பல சிகிச்சைகள் கைவிட்ட பிறகு, நோய் உடல் முழுக்கப் பரவிய நிலையில் வந்தவர்கள் அதில் இருந்தார்கள். நெடுநாள் பலன் பெற்றவர்களும் இருந்தார்கள். ஆனால், 64 பேரைக் கொண்டு ஒரு நாட்டின் எதிர்பார்ப்பைக் கட்ட முடியாது. அனுமதிக்குப் பிறகு சிகிச்சை பெற்ற நூற்றுக்கணக்கானவர்களின் கதி தெரிந்தால்தான் அந்த எண் கூடுமா, குறையுமா, யாருக்குக் கூடும் என்பது தெரியும்.

தமிழகத்திலிருந்து வந்த இன்னொரு முடிவும் கவனிக்கத்தக்கது. வேலூர் சிஎம்சி, செல்களை வேறு நகரத் தொழிற்கூடத்துக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே தயாரித்தது. எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ ஒன்பது நாள். பத்துப் பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு. லுகேமியா நோயாளிகள் அனைவருக்கும், லிம்போமா நோயாளிகளில் பாதிப் பேருக்கும் நோய் முழுதாக அடங்கியது. எண்ணிக்கை சிறியது என்பதால் முடிவுகளைப் பெரிதாக்கக் கூடாது. ஒன்பது நாள் என்பதுதான் இதில் பெரிய செய்தி.

நாள்களே உயிர்

அமெரிக்காவிலேயே செல் எடுத்த நாளிலிருந்து ஏற்றும் நாள்வரை நான்கு வாரம் போல ஆகிறது. காத்திருப்பு நீண்டால் பலன் குறைவதை அங்குள்ள பதிவேடுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் அந்த நான்கு வாரத்துக்கு முன்னால் இன்னும் பல வாரங்கள் கரைகின்றன.

முதல் தாமதம் நோயைக் கண்டுபிடிப்பதில். கழுத்தில் நெறி கட்டினால் நம் நாட்டில் முதலில் சந்தேகப்படுவது காசநோயை. அது தவறல்ல, இங்கு காசநோய் அதிகம். ஆனால், சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிக்காமலே காசநோய் மாத்திரையைத் தொடங்கி, மாதக்கணக்கில் கட்டி குறையாத பிறகு பயாப்சிக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது லிம்போமாவில் பல நேரம் போதாது; கட்டியை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது தாமதம், நோய் திரும்பியதும் அடுத்த இடத்துக்கு அனுப்புவதில். ஒரு கீமோ தோற்றால் இன்னொன்று, அதுவும் தோற்றால் மற்றொன்று என்று உள்ளூரிலேயே முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் ‘மும்பைக்குப் போய்ப் பாருங்கள்’ என்று அனுப்பும்போது நோயாளியின் டி-செல்களும் களைத்துப்போயிருக்கும். மருந்துகளில் சில அந்தச் செல்களையே கெடுக்கின்றன. இந்தியாவில் லிம்போமாவுக்குப் பரவலாகத் தரப்படும் பெண்டமஸ்டின் அப்படிப்பட்டது. செல் எடுப்பதற்கு முந்தைய மாதங்களில் அதைப் பெற்றவர்களுக்குக் கார் டி-செல் சிகிச்சையின் பலன் குறைந்ததை ஐரோப்பிய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் எழுதப்படும் ஒரு மருந்துச் சீட்டு, மூன்று மாதம் கழித்து மும்பையில் நடக்கும் சிகிச்சையின் முடிவை மாற்றக்கூடும்.

மூன்றாவது தாமதம் பணம். இதைப் பற்றி நம் மருத்துவ இதழ்களில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் வருத்தம். 40 லட்சம் திரட்ட ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எவ்வளவு காலம் ஆகும்? வீட்டுப் பத்திரம் அண்ணன் தம்பி மூவர் பெயரில் இருக்கும். வங்கி மதிப்பீட்டாளர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்வார். காப்பீட்டு நிறுவனம் இன்னொரு ஆவணம் கேட்கும். இணைய நிதி திரட்டல் முதல் நான்கு நாள் ஓடிப் பிறகு நின்றுவிடும். இந்த லிம்போமா சில வாரங்களில் இரட்டிப்பாகக் கூடியது. பணம் திரட்டும் காலம் முழுவதும் நோயும் வளர்கிறது. கட்டியின் அளவு கூடக்கூடச் சிகிச்சையின் பலன் குறைகிறது, பக்கவிளைவு கடுமையாகிறது. ஆக, ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே மருந்தைத் தந்தாலும் முடிவு ஒன்றாக இருக்காது.

ஊருக்குத் திரும்பிய பிறகு

செல் ஏற்றிய முதல் வாரங்களில் இரண்டு ஆபத்துகளுக்காகக் கண்காணிக்கிறார்கள். ஒன்று, எதிர்ப்பாற்றல் கொந்தளித்துக் கடும் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வருவது. இதற்கு டோசிலிசுமாப் என்ற மருந்து கைவசம் இருக்க வேண்டும். இன்னொன்று, மூளை குழம்புவது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: நோயாளியைத் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்று ஒழுங்காக எழுதியவரின் கையெழுத்து இன்று கோணிப்போனால் மருத்துவர் விழித்துக்கொள்வார். இந்த இரண்டையும் கையாள நம் பெரிய மருத்துவமனைகள் கற்றுக்கொண்டுவிட்டன.

உயிரைப் பறிப்பதில் முன்னணியில் இருப்பது இவை இரண்டும் அல்ல. 2024இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த தொகுப்பாய்வு, உலகெங்கும் கார் டி-செல் சிகிச்சை பெற்ற 7,604 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. நோய் திரும்பாமல் வேறு காரணத்தால் இறந்தவர்கள் 6.8%. அந்த மரணங்களில் பாதிக்கு மேல் நோய்த்தொற்றால் வந்தவை. இந்தச் சிகிச்சை புற்று செல்லோடு நல்ல பி-செல்களையும் அழித்துவிடுவதால், கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் மாதக்கணக்கில் குறைந்தே இருக்கும். வெள்ளை அணுக்களும் சரிந்து கிடக்கும்.

இது குளிரூட்டிய அறைகள் கொண்ட நாடுகளின் கணக்கு. காசநோயும் ஹெபடைடிஸ்-பியும் டெங்குவும் பூஞ்சைத் தொற்றும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உள்ள நம் நாட்டில் இந்த விகிதம் என்ன? நமக்கென்று ஒரு பதில் வேண்டும். கடன்பட்டு மும்பையிலோ பெங்களூருவிலோ சிகிச்சை முடித்துத் திருநெல்வேலிக்கோ தருமபுரிக்கோ திரும்பியவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், பக்கத்து மருத்துவமனையில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்குத் தன் முன்னால் இருப்பவர் யார், அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் விடிவதற்குள் கைமீறிப் போகலாம்.

நீண்டகாலக் கவலையும் ஒன்று உண்டு. இந்தச் சிகிச்சை பெற்ற மிகச் சிலருக்குப் புதிதாக டி-செல் புற்று தோன்றியதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கவனித்து, 2024 ஜனவரியில் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்க்கச் சொன்னது. 27,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் 22 நேர்வுகள். அபாயத்தைவிடப் பலனே மிகுதி என்பதில் ஐயமில்லை. அங்கு இத்தனை அரிய நிகழ்வும் கண்ணில் பட்டதற்குக் காரணம், நோயாளிகளைப் பின்தொடரும் ஏற்பாடு. ஐரோப்பாவும் அமெரிக்காவும் 15 ஆண்டு பின்தொடர வேண்டும் என்று விதித்திருக்கின்றன.

பணம் யாருடையது?

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பும் அதே. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள புற்றுநோயாளிகளுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி 15 லட்சம் வரை தரும். எதுவும் எட்டாது. தனியார் காப்பீட்டில், எந்த நவீன சிகிச்சைகளை மறுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் பன்னிரண்டைப் பட்டியலிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்று அதில் இருந்தது. கார் டி-செல் பெயர் சொல்லப்படவில்லை. அப்போது அது இந்தியாவில் இல்லை. அந்த வெற்றிடத்தில் இன்று ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக வாதாட வேண்டியிருக்கிறது.

அரசு 40 லட்சத்தை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் ரிட்டுக்சிமாப் கீமோவால் குணப்படுத்தக்கூடிய பலர் இருக்கிறார்கள். முதல் உரிமை அவர்களுக்கே. ஆனால், பலன் கிடைத்தால் மட்டும் பணம் என்ற வழி இருக்கிறது. இத்தாலியும் ஸ்பெயினும் இந்தச் சிகிச்சைக்குத் தவணையில் பணம் தருகின்றன: செல் ஏற்றும்போது ஒரு பகுதி, குறிப்பிட்ட மாதங்கள் கழித்து நோயாளி நலமாக இருந்தால் மீதி. நோய் திரும்பிவிட்டால் அந்தப் பாக்கியை நிறுவனம் இழக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, ஒவ்வொரு நோயாளியின் நிலையும் அரசின் பதிவேட்டில் இருப்பது. கணக்கு இல்லாத நாட்டில் இப்படிப் பேரம் பேச முடியாது.

என்ன செய்யலாம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து, கார் டி-செல் சிகிச்சைக்குக் கட்டாயத் தேசியப் பதிவேட்டைத் தொடங்க வேண்டும். ‘இவருக்கு இந்தச் சிகிச்சை வேண்டும்’ என்று மருத்துவர் எழுதும் நாளிலிருந்து பதிவு தொடங்க வேண்டும். செல் ஏற்றும் நாளிலிருந்து அல்ல. பணம் இல்லாமல் விலகியவர், காத்திருக்கும்போது இறந்தவர், செல் சரியாக வளராதவர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். பதிவு செய்யாத மருத்துவமனைக்கு நிறுவனங்கள் தயாரிப்பை வழங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தயாரிப்பு வாரியாகவும் மருத்துவமனை வாரியாகவும் ஓராண்டு முடிவுகளை எல்லோரும் படிக்கும் மொழியில் வெளியிட வேண்டும்.

இதைச் செய்யத் தமிழகம் டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவருகிறது. பின்னர் மாநிலம் முழுவதற்குமாக அது விரிந்தது. ஒரு நோயாளி எந்த மாவட்டத்தவர், இன்று இருக்கிறாரா இல்லையா என்று தேடிச்சென்று குறித்துவரும் பயிற்சி பெற்ற ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கார் டி-செல் நோயாளிகளை அதே ஏற்பாட்டுக்குள் கொண்டுவருவதற்கு ஓர் அரசாணை போதும்.

பிரிட்டனைப் போல, வாரம் ஒருமுறை காணொலியில் கூடும் மருத்துவர் குழு ஒன்றை மாநில அரசு அமைக்கலாம். சிஎம்சி, அடையாறு, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, தனியார் மையங்கள் ஆகியவற்றின் ரத்தநோய் மருத்துவர்கள் அதில் இருக்கலாம். லிம்போமா முதல்முறை திரும்பியதுமே எந்த மாவட்ட மருத்துவரும் நோயாளியின் விவரத்தை அக்குழுவுக்கு அனுப்பலாம். யாருக்குக் கார் டி-செல், யாருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று, யாருக்கு அண்மையில் வந்திருக்கும் இருமுனை எதிர்ப்புரத ஊசி, யாருக்கு வலியைத் தணித்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது என்று ஒரு வாரத்துக்குள் எழுத்துபூர்வமாகச் சொல்லலாம். இந்தக் கடைசி ஆலோசனையைத் துணிந்து சொல்ல ஒரு குழு இருந்தால், விற்க வேண்டாத வீடுகள் சில தப்பும்.

அந்தக் குழு பரிந்துரைப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனி நிதியிலிருந்து முதல் தவணையை உடனே கட்ட வேண்டும். மீதியை ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் நோயாளியின் நிலையைப் பார்த்துத் தரலாம். 300க்கும் மேற்பட்ட மருத்துவ மையங்களை இணைத்துள்ள தேசியப் புற்றுநோய்த் தொகுப்பு, 40 மருந்துகளைக் கூட்டாக வாங்கிப் பெருமளவு விலை குறைத்திருக்கிறது. செல் சிகிச்சைக்கும் அதே மேசையில் பேரம் பேச வேண்டும். வேலூரின் ஒன்பது நாள் முறைக்கு அரசு நிதி தந்து பெரிய ஆய்வாக விரிக்க வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், கார் டி-செல் சிகிச்சையைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அனுமதி தருவதா மறுப்பதா என்பதை இத்தனை நாளுக்குள் என்று விதிக்க வேண்டும். லிம்போமாவில் மூன்று வாரம் கழித்து வரும் ஒப்புதலும் மறுப்புதான்.

சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும் முன், மருத்துவமனை தமிழில் ஒரு பக்கத் தாள் தர வேண்டும்: இங்கு இதுவரை எத்தனை பேருக்குப் பரிந்துரைத்தோம், எத்தனை பேருக்கு ஏற்றினோம், ஓராண்டு கழித்து எத்தனை பேர் நோயின்றி இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், செல் விலை போக மொத்தம் எவ்வளவு செலவானது, ஏற்ற முடியாமல் போனால் எவ்வளவு பணம் திரும்பும். குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். சொல்லத் தயங்கும் இடத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் பர்ஸில் வைக்கும் அளவில் ஓர் அட்டை இருக்க வேண்டும். சிகிச்சை பெற்ற நாள், தயாரிப்பின் பெயர், தவிர்க்க வேண்டிய மருந்துகள், இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி எண். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கும் அந்த அட்டை எப்படி இருக்கும், அதைக் காட்டுபவருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எந்த மருந்தைத் தொடங்க வேண்டும் என்று சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இந்த மாதமே தொடங்கலாம்.